ஆறாத வண்டி

போன வருஷம் கத்திரி வெயிலில் ஒரு செவ்வாய்க்கிழமை என் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி இன்ஜினை அணைத்தேன், அது அடுத்த கத்திரி வரைக்கும் ஆறவில்லை. சாவி என் சட்டைப் பையில் கிடந்தது, பெட்ரோலைத் திருகி மூடியிருந்தேன், மூன்றாம் நாள் பிளக் ஒயரையும் பிடுங்கிப் போட்டேன், ஆனாலும் அது அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய இரும்புச்சட்டி மாதிரியே நின்றது. நாலாம் நாள் அதன்மேல் கால் வைத்த கோழி ஒன்று கத்திக்கொண்டே கூரைக்குப் பறந்து, பொழுது சாயும் வரை இறங்கவில்லை. எட்டாம் நாள் வானம் நாலு தூறல் போட்டது. ஒவ்வொரு தூறலும் இன்ஜின்மேல் விழுந்து சொய்ங் என்று ஆவியாகப் போனதை நிலைப்படியில் உட்கார்ந்து பார்த்தேன். இது ஆறாது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, தெரிந்ததும் கொஞ்சம் கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

நான் கருவாட்டு வியாபாரி. பேர் சோணைமுத்து, ஊர் தரவைக்குடி. காலையில் கடற்கரைக்குப் போய்ச் சாளையும் நெத்திலியும் வாளையும் வாங்கி, வண்டியின் இரண்டு பக்கமும் கூடை கட்டி, நடுவில் ஒரு மூட்டையை ஏற்றி, எழுபது கிலோமீட்டர் தள்ளி அருப்புக்கோட்டைப் பக்கத்துச் சந்தைகளில் விற்றுவிட்டுத் திரும்புவது என் தொழில். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது, ஆனால் வண்டியின் சூட்டைக் கெண்டைக்காலால் படிக்கத் தெரியும். பாரம் ஏற்றிய வண்டியைக் கத்திரியில் ஓட்டுகிறவன் மணிக்கு ஒரு தரம் நிழல் பார்த்து நிறுத்த வேண்டும், ஆயில் கறுக்கும் முன்னால் மாற்ற வேண்டும், இன்ஜின் மடிப்புகளில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் சுரண்டிக் காற்றுக்கு வழிவிட வேண்டும், எத்தனை அவசரமானாலும் சூட்டோடு தண்ணீர் ஊற்றக் கூடாது, ஊற்றினால் இரும்பு விரிசல் விட்டுவிடும். அது தானாகத்தான் ஆற வேண்டும். ஆறப்போடுவது என்போம்.

எங்கள் ஊரிலிருந்து பதினெட்டாவது கிலோமீட்டரில் ஒரு பெரிய வாகைமரம் இருக்கிறது. அதை விட்டால் முப்பது கிலோமீட்டருக்கு நிழல் கிடையாது, இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம்தான், அதன் அடியில் ஓணான்கூட ஒதுங்காது. மீன்காரன், ஐஸ்காரன், பத்திரிகை வைக்கப் போகிற கல்யாண வீட்டுக்காரன் எல்லோரும் வாகைமரத்தில்தான் ஆறப்போட்டுப் போவார்கள். நான் மட்டும் பதினோரு வருஷமாக அங்கே நின்றதில்லை. மரத்தடியில் பஞ்சர் கடை போட்டிருப்பவன் வெயிலுமுத்து, என் மனைவி பஞ்சவர்ணத்தின் கூடப்பிறந்த தம்பி. அவன் செய்ததை நான் மறக்கவில்லை.

பஞ்சவர்ணம் கிட்னி கெட்டுப் படுத்திருந்தபோது பார்க்க வந்தான், அவள் கால்மாட்டில் உட்கார்ந்தான், காப்பி குடித்தான், எழுந்து, போயிட்டு வர்றேன் என்று சொல்லாமல் தன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அப்படிச் சொல்லாமல் போவது எழவு வீட்டில்தான். துக்கம் கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார்கள், வர்றேன் என்றால் அந்த வீட்டுக்கு இன்னொரு எழவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். உயிரோடு இருந்தவள் வீட்டிலிருந்து அவன் அப்படிப் போனான். "தம்பி சொல்லாமலா போயிட்டான்?" என்று அவள் இரண்டு தரம் கேட்டாள். ஒன்பதாம் நாள் செத்துப்போனாள். பிறந்த வீட்டுக் கோடிச்சேலையோடு வர வேண்டிய ஒரே தம்பி, வாசலில் கொட்டு முழங்கிக்கொண்டிருக்கையில் கையில் ஒரு ஆயில் டின்னோடு வந்து நின்றான். பிறந்த வீட்டுக் கோடியைப் புருஷன் நானே ஆள் விட்டு வாங்கிப் போர்த்தினேன், அதை ஊர் பார்த்தது. பதினாறு முடிந்து எல்லோரும் சொல்லாமல் எழுந்து போனார்கள், அவன் மட்டும் என் முகத்துக்கு நேரே நின்று, நாலு பேர் காதுபட, "போயிட்டு வர்றேன்" என்றான். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லவில்லை, சொல்லக் கூடாத இடத்தில் சொன்னான். அன்றோடு பேச்சை அறுத்துக்கொண்டேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவனையும் அறுத்த பிறகு என் வீட்டுக்கு வர ஆள் இல்லை.

வாகைமரத்துக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் மூன்று பனைகள் சேர்ந்து நின்றன. அவற்றின் நிழல் ஒரு வண்டி அகலம்தான், வண்டியை நிழலில் விட்டுவிட்டு நான் வெயிலில் நிற்பேன். பதினோரு வருஷம் அப்படி நின்றேன். போன வருஷம் சாலையை அகலமாக்க மூன்றையும் அறுத்துவிட்டார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை எழுபது கிலோ பாரத்தோடு போனபோது பனைகள் இருந்த இடத்தில் மூன்று வட்டங்கள்தான் இருந்தன. நிற்காமல் ஓட்டினேன். வாகைமரத்தைத் தாண்டுகையில் வெயிலுமுத்து கடையிலிருந்து ஓடிவந்து கையைக் காட்டி ஏதோ கத்தினான். நான் கியரைக்கூடக் குறைக்கவில்லை. சூடு கெண்டைக்காலைத் தாண்டி முழங்காலுக்கு வந்தது, இரும்பு கருகும் வாடை வந்தது, போகும்போதும் நிற்கவில்லை, வரும்போதும் நிற்கவில்லை, வீட்டு வாசலில்தான் நிறுத்தினேன். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

முதலில் வந்தவள் அடுத்த வீட்டு மரியபுஷ்பம். பதினோரு வருஷத்தில் என் வாசலுக்குள் கால் வைத்த முதல் ஆள் அவள். இடுப்பில் இட்லிச்சட்டி இருந்தது.

"அண்ணே, கேஸ் தீந்துபோச்சு. இது சும்மாதான நிக்குது."

"வண்டிம்மா அது. அடுப்பில்ல."

"நீங்களும் ஓட்டுறதில்ல, அதுவும் ஆறுறதில்ல. ஒரு ஈடு எடுத்துட்டுப் போயிர்றேன்."

ஒரு ஈடு எடுத்தாள். இட்லி பூ மாதிரி வந்தது. மறுநாள் அவளுடைய கொழுந்தன் தகரத்தை வளைத்துப் பாத்திரம் உட்காருகிற மாதிரி இன்ஜினின் பக்கத்தில் மாட்டிவிட்டுப் போனான், அதற்கு மறுநாள் டீக்கடைக்காரர் பால் சட்டியோடு வந்தார், அந்த வாரமே இஸ்திரிக்காரர் கரியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பெட்டியை இங்கே கொண்டுவந்து சூடேற்றினார், பள்ளிக்கூடம் திறந்ததும் சத்துணவுக்குப் பருப்பு இங்கே வெந்தது, சளி பிடித்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் பொழுது சாய வந்து ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தார்கள், அடைகாக்காத கோழியின் முட்டைகளை ஒருத்தி சீட்டுக்கு அடியில் தவிட்டில் புதைத்து வைத்துப் பதினேழு குஞ்சு எடுத்தாள். தள்ளுமுள்ளு வந்தது. ஊர்க்கூட்டம் போட்டு, யாருக்கு எந்த நேரம் என்று என் சுவரிலேயே கரியால் எழுதினார்கள். சுவரைக் கேட்டார்களா என்றால் கேட்கவில்லை.

வெயிலுகந்தம்மன் வண்டியில் இறங்கியிருக்கிறாள் என்று பூசாரி சொன்னார், ஹேண்டில்பாரில் வேப்பிலை கட்டினார், அது அன்றைக்கே மொறுமொறுப்பாகக் காய்ந்தது. மரியபுஷ்பம் அந்தோணியார் படத்தை அதே ஹேண்டில்பாரில் மாட்டினாள். அதற்காக யாரும் சண்டை போடவில்லை, பால் பொங்க வேண்டிய நேரத்துக்குப் பொங்கியது. முதல் இட்லி வண்டிக்கு என்று ஒரு வழக்கம் வந்தது. வாழையிலையில் வைத்து சீட்டின்மேல் வைத்துவிட்டுப் போவார்கள். எனக்கு என்று யாரும் வைக்கவில்லை. வண்டி என்னுடையது என்பதால் வண்டியின் இட்லியை நான் தின்றேன், அதில்தான் அந்த வருஷம் உயிரோடு இருந்தேன், கருவாட்டுக் கூடையோடு பஸ்ஸில் ஏற எவன் விடுவான்.

ஆவணியில் பட்டணத்திலிருந்து தோல்சட்டை போட்ட ஆறு பேர் பெரிய பெரிய வண்டிகளில் கேள்விப்பட்டு வந்தார்கள். கன்னியாகுமரி வரைக்கும் போகிறார்களாம், வண்டி சூடாகிறதாம். அதில் ஒரு பெண்பிள்ளை என் முன்னால் குத்த வைத்து உட்கார்ந்து, "அங்கிள், சூடாகாம இருக்க என்ன பண்ணணும்?" என்று கேட்டாள். அந்த வருஷத்தில் என்னைப் பார்த்து ஒருத்தி கேள்வி கேட்டது அதுதான் முதல் தரம். எல்லாம் சொன்னேன். மணிக்கு ஒரு தரம் நிறுத்து, உச்சி வெயிலில் ஓட்டாதே, ஆயிலைப் பார், தண்ணீர் ஊற்றாதே, உன் கழுத்தில் ஈரத்துண்டு போட்டுக்கொள், நீ மயங்கினால் வண்டி உன்னைப் பிடிக்காது. எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டு, "நீங்க ஏன் அங்கிள் நிறுத்தல?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் மற்றவர்கள் வண்டியோடு படம் எடுக்கக் கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் விறகெல்லாம் நனைந்து, என் வாசல்தான் ஊருக்கு அடுப்பங்கரையாக இருந்தது. நனைந்த பள்ளிக்கூடச் சட்டைகள் கொடியில் சுற்றிலும் தொங்கின, பெண்கள் வட்டமாக உட்கார்ந்து யார் வீட்டு மருமகள் எப்படி என்று பேசினார்கள், நான் கட்டிலைக் கதவோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டேன். அவர்கள் எழுந்து போகையில் வண்டியைத் தொட்டு, "வர்றோம் ஆத்தா" என்றார்கள். என் வாசலில் எத்தனையோ வருஷம் கழித்து அந்த வார்த்தை கேட்டது, எனக்கில்லை, வண்டிக்குத்தான், ஆனாலும் கட்டிலில் கிடந்தபடி "ம்" என்றேன். ஒவ்வொரு விடிகாலையும் முதல் வேலையாக எழுந்துபோய் இன்ஜினுக்கு நேரே கையை நீட்டிப் பார்ப்பேன். சூடு இருக்கும். அப்புறம்தான் முகம் கழுவுவேன். ஆறிவிட்டால் யார் வருவார்கள் என்ற பயம் எனக்கு வந்துவிட்டது.

அது ஆறவில்லை, பங்குனிதான் வந்தது. வானமே அடுப்பாக எரிகையில் இன்னொரு அடுப்பு யாருக்கு வேண்டும். முதலில் இஸ்திரிக்காரர் நின்றார், பிறகு சளிப் பிள்ளைகளின் தாய்மார்கள், பிறகு டீக்கடைக்காரர். சுவரில் எழுதிய பேர்கள் மட்டும் இருந்தன. சித்திரையில் மரியபுஷ்பத்தின் கூரையில் என் பக்கத்து ஓலைகள் பழுத்துப் புகைய ஆரம்பித்தன. கூட்டம் போட்டுத் தலைவரை என்னிடம் அனுப்பினார்கள். மரியபுஷ்பமும் கூட வந்தாள்.

"சோணைமுத்தண்ணே, ஊரு பத்திக்கிட்டா ஒங்க வீடும் சேந்துதான் போகும்" என்றார் தலைவர். "காட்டுக்குள்ள எங்கிட்டாவது தள்ளி விட்ருங்க."

"கோவிச்சுக்காதீங்கண்ணே" என்றாள் மரியபுஷ்பம். "மழை விழுந்ததும் திருப்பிக் கொண்டாந்துரலாம்."

அதை ஆற வை என்று அவர்களில் ஒருவரும் சொல்லவில்லை.

மறுநாள் விடிய, காலில் ஈரச்சாக்கைச் சுற்றிக்கொண்டு, வேப்பிலையும் அந்தோணியாரும் தொங்க வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினேன். ஓட்ட முடியாது, அந்தச் சூட்டின்மேல் உதைத்தால் என்ன ஆகுமோ யாருக்குத் தெரியும். வழியில் நெடுங்காடி என்ற ஊரில் நிறுத்தப் போனேன். கரிமூட்டம் போடுகிறவர்கள் ஓடிவந்து, "பெரியவரே, எங்க மூட்டம் தானாப் பத்திக்கிரும், அங்கிட்டுப் போங்க" என்று சொம்பில் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள். கொம்பூரணியில் கண்மாய்க்குள் இறக்கிவிடலாம் என்று பார்த்தேன். "கெடக்கிறதே ஒரு சாண் தண்ணி, அதையும் கொதிக்க வச்சு மீனைக் கொன்னுராதீங்க, அங்கிட்டுப் போங்க" என்று தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள். அங்கே ஒரு சத்திரத்துத் தாழ்வாரத்தில் படுத்து, விடிந்ததும் மறுபடி தள்ளினேன். சாத்தனூரில் வைக்கோல் படப்புகளைக் காட்டினார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். "நேராப் போங்க, வாகைமரம் வரும். அங்க ஒருத்தர் கடை வச்சிருக்கார், சூடான வண்டிய ஆறப்போட அவருதான்." எனக்குத் தெரியாதது போலச் சொன்னார்கள். நானும் தெரியாதது போலக் கேட்டுக்கொண்டேன். வேறு யாரும் நிற்க விடாததால்தான் அந்த மரத்துக்குப் போனேன், வேறு எதற்கும் இல்லை.

உச்சிப்பொழுதில் வாகை நிழலின் ஓரம் முன்சக்கரத்தைத் தொட்டது. நிழலுக்குள் இரண்டடி வைப்பதற்குள் என் முழங்கால் மடிந்துவிட்டது. சாயப்போன வண்டியை ஒரு கை பிடித்து ஸ்டாண்டு போட்டது. வெயிலுமுத்துவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. வாங்க என்று சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"தண்ணி ஊத்தாத" என்றேன். பன்னிரண்டு வருஷத்தில் அவனிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"வண்டிக்குத்தான் ஊத்தக்கூடாது மச்சான். ஆளுக்கு ஊத்தலாம்" என்று வாளியை என் தலையில் கவிழ்த்தான்.

பிறகு வண்டிக்கு முன்னால் குத்த வைத்து உட்கார்ந்தான். தொடவில்லை, மோந்து பார்த்தான்.

"எப்பச் சூடானது?"

"போன கத்திரி."

"அன்னிக்கே கையக் காட்டுனேன். பொகை வந்துச்சு."

"பாத்தேன்."

"பாத்துட்டுத்தான் போனீங்களா?"

"ஆமா."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். கடைக்குள் போய்ப் பழைய டியூப்களுக்குப் பின்னாலிருந்து ஒரு டின்னை எடுத்துவந்தான். தகரம் துருப்பிடித்து எழுத்து அழிந்திருந்தது, மூடி மட்டும் பிரிக்காமல் இருந்தது. பார்த்ததும் தெரிந்துகொண்டேன்.

"கோடிக்குப் பதிலா எழவு வீட்டுக்குக் கொண்டாந்த டின்னுதான இது?"

"அதான்" என்றான். "பாக்க வந்த அன்னிக்கு, அக்காவ ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டு நீங்க அலஞ்ச வண்டி வாசல்ல நின்னுச்சு. ஆயில் குச்சிய உருவிப் பாத்தேன். தார் மாதிரி இருந்துச்சு. வழியில நின்னுட்டா அக்கா என்ன செய்யும்னு ஆயில் வாங்கப் போனேன். நான் போகலியே மச்சான். ஆயில் வாங்கத்தான் போனேன். சாயங்காலம் வரப்போறவன் எதுக்குச் சொல்லிட்டுப் போகணும்?"

"ஒம்பது நாளாவா ஆயில் வாங்குன?"

"திரும்பி வர்றப்ப விரட்டி வந்தேன். ஆறப்போடல. இந்த எடத்துலதான் என் வண்டி ஜாம் ஆச்சு. அப்ப இங்க கடையும் இல்ல, ஆளும் இல்ல. வண்டிய லேத்துக்குக் கொண்டுபோனேன், இன்னிக்கு ஆயிரும் நாளைக்கு ஆயிரும்னு சொல்லிட்டே இருந்தான், நானும் அங்கயே ஒக்காந்திருந்தேன். வந்தப்ப கொட்டுச் சத்தம் கேக்குது. கையில டின் இருக்கிறதே எனக்குத் தெரியல." டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பஸ் ஏறி வந்திருக்கலாம். அதுக்கு என்னைய வையலாம் மச்சான். அதுக்கு மட்டும்."

"பதினாறு அன்னிக்கு என் மூஞ்சிக்கு நேரா வர்றேன்னு சொன்ன."

"ஒங்களுக்குப் பின்னால செவத்துல அக்கா படம் இருந்துச்சு. முன்னாடி சொல்லாமப் போனத அதுகிட்டச் சொன்னேன். நீங்க ஊடால நின்னுட்டீங்க."

 அவன் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு இன்ஜினுக்கு அடியில் போல்ட்டைக் கழற்றினான். ஒரு லிட்டர் பிடிக்கிற இன்ஜினிலிருந்து கறுப்பாக, கயிறு மாதிரி, அறுபடாமல் இறங்கிக்கொண்டே இருந்தது, ஒரு வாளி நிறைந்து இன்னொரு வாளியும் நிறைந்தது, அவன் வியக்கவில்லை, வாளியை மாற்றினான். நின்றதும் போல்ட்டை முடுக்கி, அந்த டின்னை உடைத்து ஊற்றினான். பன்னிரண்டு வருஷத்து ஆயில் தேன் நிறத்தில் இருந்தது.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு இரும்புக்குள் டிக் என்றது. வண்டி ஓட்டுகிறவனுக்கு அந்தச் சத்தம் தெரியும், சூட்டில் விரிந்த இரும்பு தன் இடத்துக்குத் திரும்புகிற சத்தம். டிக், டிக் என்று முதலில் விட்டு விட்டு, பிறகு மழை பிடித்த மாதிரி விடாமல் கேட்டது.

"ஆறுது" என்றான் வெயிலுமுத்து.

பொழுது இறங்கும் வரை இரண்டு பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். "இங்க ஒரு கடை இருந்திருந்தா அக்கா மொகத்த உசுரோட பாத்திருப்பேன், அதான் கடை போட்டேன்" என்று ஒரு தரம் சொன்னான், அது என்னிடம் சொன்னதா மரத்திடம் சொன்னதா தெரியவில்லை. சத்தம் நின்றதும் இன்ஜினில் உள்ளங்கையை வைத்தேன். கண்மாய்த் தண்ணீருக்குள் கிடந்த கல் மாதிரி சில்லென்று இருந்தது. மன்னித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். பஸ் ஏறி வந்திருக்கலாம். அதை இனியும் மறக்கப் போவதில்லை. அவன்மேல் வைத்திருந்த மற்ற மூன்று குறைகளையும் எங்கே வைத்தேன் என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

உதைத்தேன், இரண்டாவது உதையில் பிடித்தது. ஒன்றும் சொல்லாமல் கியர் போட்டேன்.

"சொல்லாமப் போறீங்களே மச்சான்."

"போகல மாப்ள. கருவாடு வாங்கப் போறேன்."

அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு நாள் வாகைமரத்தில் ஆறப்போடுகிறேன், சூடானாலும் சூடாகாவிட்டாலும். அவன் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போடுவான், நான் உட்காருவேன், அதிகம் பேச்சு இல்லை. வீட்டில்தான் ஒருவரும் இல்லை. வேப்பிலையைக் கழற்றவில்லை, இப்போது புதிதாகக் கட்டினால் அது பச்சையாகவே வாடுகிறது.

ஐப்பசி மழை பிடித்த மறுநாள் காலை மரியபுஷ்பம் இட்லிச்சட்டியோடு வந்தாள். குனிந்து இன்ஜினில் புறங்கையை வைத்தாள், எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

"ஆறிருச்சாண்ணே?"

"ஆறிருச்சு."

சட்டியை மறுபடி இடுப்புக்கு ஏற்றினாள். சுவரில் கரியால் எழுதியிருந்த தன் பேரைப் பார்த்தாள். பிறகு வர்றேன் என்று சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல், மழைக்குள் இறங்கிப் போய்விட்டாள்.

நான் கதவைச் சாத்தவில்லை. அவள் போகவில்லை, விறகு வாங்கத்தான் போயிருப்பாள்.